கீரியும் பாம்பும் எழுதிய புரோகிராம்

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே முதலாமாண்டு புரோகிராமிங் பாடத்தில் இரண்டு முறை கோட்டைவிட்ட கீரி ஒன்று படித்துவந்தது. பெயர் குணசீலன். மூன்றாம் முறையும் தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள். ஊருக்குப் போய் அப்பாவோடு வளை தோண்ட வேண்டியதுதான்.

பாடம் நடத்திய யானை மேடத்துக்கு மாணவர்கள்மேல் கரிசனம் அதிகம். "தனியா உக்காந்து முழிக்கிறதாலதான் ஃபெயில் ஆகுறீங்க. இனிமே தேர்வு உட்பட எல்லாமே ஜோடியாத்தான். ஒருத்தர் டைப் அடிக்கணும், இன்னொருத்தர் தப்பு பாக்கணும்" என்று சொல்லிச் சீட்டுக் குலுக்கினார். குணசீலனுக்கு வாய்த்தது அரவிந்தன் என்ற நல்லபாம்பு.

"மேடம், எங்க சித்தப்பாவைக் கொத்துன வம்சம் இது!" என்று கத்தியது கீரி.

"எங்க தாத்தாவை முழுசாவே சாப்பிட்டுட்டாங்க மேடம்!" என்றது பாம்பு.

"அதெல்லாம் கேன்டீன்ல பேசிக்கோங்க."

பாம்புக்குக் கை கிடையாது. ஆகவே கீரி டைப் அடித்தது. பாம்பு படமெடுத்தபடி திரையையே முறைத்தது. ஒரு புள்ளி விட்டுப்போனாலும், "நீயெல்லாம் ஒரு கீரியா?" என்று சீறியது. இதனிடம் போய்ப் பேச்சு வாங்குவதா என்று குணசீலன் சாப்பிடும்போதும் புத்தகமும் கையுமாக இருந்தது. பாம்பு சொன்ன திருத்தத்திலும் குற்றம் கண்டுபிடித்தது. இடைத்தேர்வில் இரண்டும் முதலிடம்!

துணைவேந்தர் சிங்கம் நெகிழ்ந்துபோய் விழா எடுத்தார். ஒரே மாலைக்குள் இரண்டையும் திணித்துப் போட்டோ பிடித்தார்கள். அந்த நெருக்கத்தில் கீரிக்கும் பாம்புக்கும் கண் கலங்கியது; இரண்டும் நண்பர்களாகிவிட்டன.

பருவத்தேர்வு வந்தது. கீரி ஒரு வரியைத் தப்பாக அடித்தது. பாம்பு பார்த்துவிட்டது. ஆனால், 'சொன்னா மனசு நோகுமே' என்று வாயை மூடிக்கொண்டது.

"சரியாடா?"

"நீ அடிச்சா சரியாத்தான் இருக்கும் மச்சான்."

ஒன்றிலிருந்து பத்துவரை எண்ண வேண்டிய புரோகிராம், ஒன்று, ஒன்று, ஒன்று என்று மணி அடிக்கும்வரை எண்ணியது. இரண்டும் ஃபெயில்.

மேடம் கெஞ்சிக் கூத்தாடி மறுதேர்வு வாங்கிக் கொடுத்தார். அதுதான் கடைசி வாய்ப்பு. தேர்வறை வாசலில் குணசீலன் நண்பனைக் கட்டிக்கொண்டு அழுதது. "மன்னிச்சுக்கோ மச்சான், எனக்கு வேற வழி தெரியல" என்று சொல்லி, அதன் வாலை நறுக்கென்று கடித்தது.

"அடப்பாவி! உள்ள வா, ஒரு கமாவைக்கூட விடமாட்டேன்!" என்று பாய்ந்தது பாம்பு.

தொண்ணூற்றெட்டு மார்க்.

நீதி: தேர்ச்சி பெற வேண்டுமானால் ஆகாதவனோடு சேர்ந்து படி. நட்பெல்லாம் ரிசல்ட் வந்த பிறகு.