போத்தனூர் இல்லச் சமையல் மீட்புக் குழுவின் வீர வரலாறு

பாக்கெட் உணவை எதிர்த்து உலகில் நடந்த போர்களில் தலையாயது, போத்தனூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததுதான். தளபதி நான். தனபால் என்று பெயர். பெருமைக்குச் சொல்லவில்லை, குழுவின் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதியவனும் நானேதான்.

போருக்குக் காரணம் என் மகள் வர்ஷினி. பத்து வயது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறதே என்று டாக்டர் ரெபேக்காவிடம் கூட்டிப்போனோம். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "இந்த வயசுலயே கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்குதுங்க. இப்படியே விட்டா சர்க்கரை வந்துரும். நூடுல்ஸ், சிப்ஸ் எல்லாத்தையும் நிறுத்திப்போட்டு ஊட்டுல சமைச்சதைக் குடுங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. நெஞ்சு பதறினால் பொறுப்புள்ள தகப்பன் என்ன செய்வான்? குழு அமைப்பான்.

என்னையும் சேர்த்து எங்கள் குடியிருப்பின் ஆண்கள் ஒன்பது பேர். 'இல்லச் சமையல் மீட்புக் குழு' உதயமானது. செயலாளர், ஓய்வு பெற்ற அதிகாரி பொங்கியண்ணன். வாரம் மூன்று நாள், மாலை ஆறரைக்கு எங்கள் வீட்டில் கூட்டம்.

முதல் கூட்டத்திலேயே ஒரு 'கொள்கைச் சிக்கல்'. பேக்கரியில் வாங்கி வைத்திருந்த பப்ஸைப் பொங்கியண்ணன் தட்டோடு ஒதுக்கினார்.

"ஏனுங்க தனபாலு, நாமளே கடைப் பண்டம் தின்னா ஊரு சிரிக்காதுங்களா?"

"அதுக்காக வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்ப முடியுங்களா?" என்றேன். எங்கள் பக்கத்தில் அது கொலைக்கு அடுத்த குற்றம்.

"அம்மணி கையால சந்தகை புழிஞ்சா ஆச்சுங்க. கூட தேங்காப்பால் இருந்தாப் போதும். நமக்கெதுக்குங்க ஆடம்பரம்?"

ஒருமனதாக நிறைவேறியது. என் மனைவி லோகப்பிரியா அப்போதுதான் உக்கடத்தில் வங்கி வேலையை முடித்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாக்குரிமை இல்லை.

சந்தகை என்றால் சும்மாவா? அரிசியை ஊறவைத்து, ஆட்டி, வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் மிஷினில் போட்டு இடியாப்பம் போல் நூல் நூலாக அழுத்த வேண்டும். ஒன்பது பேருக்கு அழுத்தினால் தோள்பட்டை கழன்றுவிடுகிறது என்று அவள் சொன்னதைக் குழு 'பாராட்டுடன் பதிவு செய்தது'. செவ்வாய் சந்தகை, வியாழன் எண்ணெயில் சுட்ட கச்சாயம், சனி வெல்லப் பூரணம் வைத்த ஒப்புட்டு.

ஒருநாள் அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க, புள்ளைக்கு ராத்திரிக்கு என்னன்னு கொஞ்சம் பாருங்க. அரிசிம்பருப்பு வெச்சா இருவது நிமிசந்தானுங்க."

"இரு பிரியா, தீர்மானம் ஓடிட்டிருக்குது!"

மூன்று மாதத்தில் முப்பத்தொன்பது கூட்டங்கள், நூற்றுப் பதினாறு தீர்மானங்கள். நூடுல்ஸை நாடு கடத்தக் கோரி ஒரு மனு. உறுப்பினர்களின் உடல்நலம் கண்கூடாகத் தேறியது. பொங்கியண்ணன் மட்டும் நாலு கிலோ தேறினார்.

மறுபடியும் டாக்டரிடம் போனோம். புது ஸ்கேனில் கொழுப்பு கூடியிருந்தது. நான் குறிப்பேட்டை எடுத்து முதல் தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கினேன்.

"அதை மூடி வைங்க" என்றார் டாக்டர். "கண்ணு, நீ சொல்லு. ராத்திரி என்ன சாப்பிட்டே?"

"நூடுல்ஸுங்க டாக்டர். கூட்டம் இருந்தா அம்மா அவங்களுக்குச் சமைச்சிட்டிருக்கும். நானே சுடுதண்ணி ஊத்திக்குவேன்."

"கூட்டம் இல்லாத அன்னிக்கு?"

"அம்மாவுக்குத் தோள் வலிங்க. அன்னிக்கும் அதுதான்."

லோகப்பிரியா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க ஆண்களுக்குத் தெரிந்த ஒரே வழியைக் கையாண்டேன். "ஏன் பிரியா, நீ கவனிக்கலியா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு அடுப்புப் பத்தவைக்கத் தெரியுங்களா?"

"அது உபகுழுவோட பரிசீலனையில இருக்குதுங்க."

அன்று மாலையே அவசரக் கூட்டம். விஷயத்தைச் சொன்னதும் பொங்கியண்ணன் கொதித்து எழுந்தார்.

"பச்சைக் குழந்தைங்க! அது உடம்பைக் கெடுத்தவங்க ஒருத்தரையும் விடக்கூடாதுங்க. பேரைப் போட்டே கண்டிக்கோணுமுங்க. எழுதுங்க தனபாலு!"

எழுத எனக்கு வேலையே இருக்கவில்லை. வருகைப் பதிவுப் பக்கத்தைத் திருப்பினேன். ஒன்பது பேரும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தோம். முதல் கையெழுத்து என்னுடையது.