குடை பிடித்தவள் எழுதுவது

அன்புள்ள அக்கா மகனுக்கு, சித்தி எழுதிக்கொள்வது. நான் நலம். உன் சித்தப்பாவும் நலம். நேற்று நீ காபிகூடக் குடிக்காமல் முறைத்துக்கொண்டு போனதால் உன் நலத்தை மட்டும் கடைசியில் விசாரிக்கிறேன்.

ஏரியில் சினிமா எடுக்கப் போய் நாங்கள் பட்ட பாட்டைப் பற்றி நீ எடுத்த ஆவணப்படத்தைப் போட்டுக் காட்டினாயே, வம்பு அங்கேதான் தொடங்கியது. அந்தப் படப்பிடிப்பில் மழை ஓய்ந்த நாளே இல்லை, செட் சரிந்தது, கடைசியில் படகும் கவிழ்ந்தது. இதையெல்லாம் உன் படத்தில் சொல்பவர்கள் யார்? இயக்குநர், ஒளிப்பதிவாளர், தயாரிப்பாளர், மூவரும் தாடியைத் தடவிக்கொண்டு, படகு கவிழ்ந்ததும் "நான்தான் முதல்ல குதிச்சேன்" என்கிறார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்த, செட் போட்ட தச்சரின் மனைவி, "எல்லாரும் குதிச்சுட்டாங்கன்னா படகை யாருக்கா பிடிச்சது?" என்று காதோரம் கேட்டாள். பிடித்தது அவள் புருஷன். கதாநாயகனை முடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தது டூப் போடும் பெண். கரையேறியதும் கையோடு வந்துவிட்ட அந்த முடி விக் என்பதால், அதை மீட்டு, உலர்த்தி, மறுபடி அவர் தலையில் ஒட்டியது சிகை அலங்காரத்துக்குத் தலைமை வகித்த நான். உன் படத்திலோ நான் இயக்குநருக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கீழே 'ஓர் உதவியாளர்' என்று எழுத்து ஓடுகிறது.

போனில் பிடித்துக் கேட்டேன். "எல்லாத் தரப்பும் வரணும்னு எங்களுக்கும் அக்கறை இருக்கு சித்தி, வந்து எடுக்கறேன்" என்றாய். வந்தாய், நான் மறுக்கவில்லை. தச்சர், அவர் மனைவி, டூப் பெண் மூவரையும் என் வீட்டுக்கே வரவழைத்து, பட்டுப்புடவையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நீ என்னை எழுப்பி, இயல்பாக இருக்கும் என்று அடுப்பருகே நிறுத்தினாய். "நான் வேலை செய்யறது நாற்காலிக்குப் பின்னாடிப்பா, இங்க என்ன பண்ண?" என்றேன். "சும்மா எதையாவது கிளறுங்க சித்தி" என்றாய். வெறும் சட்டியைக் கிளறினேன். தச்சருக்குக் காது கேட்காது என்பதால் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து வானத்தைப் பார்க்கச் சொன்னாய், பின்னால் சோக இசை வரும் என்றாய். "காதுதான் தம்பி கேக்காது, அவருக்கு வருத்தம் ஒண்ணும் கிடையாதே" என்றாள் அவர் மனைவி. டூப் பெண் முகம் கறுப்பாகத் தெரிகிறது என்று விளக்கை ஏற்றிக்கொண்டே போனாய், வீட்டு ஃபியூஸ் போயிற்று. இருட்டில் அவள், "முதுகைக் காட்டித்தான் இத்தனை படம் நடிச்சேன். இதுலயாவது என் மூஞ்சி என் மூஞ்சியா இருக்கட்டுமே" என்றாள். நான் ஈரத் துண்டை எடுத்து உன் கேமராவின் மேல் போர்த்தினேன்.

அதற்குத்தான் நீ கோபித்துக்கொண்டாய். உன் அம்மா போன் செய்து, "பிள்ளையைப் பட்டினியா அனுப்பிட்டியாமே" என்று என்னை வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டாள். அது அக்கா தங்கை விவகாரம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீ கெட்டிக்காரன், மறுபடி வருவாய், எனக்குச் சந்தேகமே இல்லை. தச்சர் உளியோடு இருப்பார், கையால் சொல்வார், அவர் மனைவி வாயால் சொல்வாள். டூப் பெண் முகத்தைக் காட்டிப் பேசுவாள். நான் நாற்காலிக்குப் பின்னால் நிற்பேன். விட்டுப்போனவர்களுக்காக ஒருத்தி கேட்கத்தானே வேண்டும், அந்த ஒருத்தி நான் என்று வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. உனக்கு எல்லா நன்மையும் வரட்டும்.

இப்படிக்கு,
உன் சித்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதை மூவருக்கும் பெருமையாகப் படித்துக் காட்டினேன், தச்சருக்கு அவர் மனைவி கையால் சொன்னாள். "நல்லாத்தான் இருக்குக்கா, ஆனா இதுல முக்காவாசி நீங்கதானே இருக்கீங்க" என்றாள் டூப் பெண். தச்சர் கையால் நீளமாக ஏதோ சொன்னார், அதை அவர் மனைவி எனக்குச் சொல்ல மறுத்துவிட்டாள். மூவரும் சேர்ந்து உனக்குத் தனியாக எழுதப் போகிறார்களாம். அதில் என்னைப் பற்றி வருவது எதையும் நம்பாதே.