யோசினை அண்ணையும் ஒரு குட்டி ரிவோல்வரும்

நோர்வேக்கு வந்து சேர்ந்த தமிழர் எல்லாரும் இதுவரை யோசித்ததைக் கூட்டிப் பார்த்தாலும், யோசினை அண்ணை தனி ஒருவராக யோசித்த அளவுக்கு வராது. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ண நான் தயார். அவருடைய உண்மையான பெயர் எங்கள் பஸ் டிப்போவில் சம்பளப் பகுதிக்காரருக்கு மட்டுமே தெரியும். மற்ற எல்லாருக்கும், வெள்ளைக்காரச் சாரதிகள் உட்பட, அவர் ‘யோசினை’தான். அவர்கள் அதை ஏதோ பரம்பரைக் குடும்பப் பெயர் என்று நினைத்து மரியாதையாகவே கூப்பிட்டார்கள்.

ஒஸ்லோவில் நானும் அவரும் பதினொரு வருடம் ஒன்றாகப் பஸ் ஓட்டினோம். ஓட்டும்போது மனுசன் ஒரு நொடி தயங்க மாட்டார். பனி கொட்டினாலும், குறுக்கே சைக்கிள்காரன் பாய்ந்தாலும் கை தன்பாட்டில் வேலை செய்யும். இறங்கினால்தான் வில்லங்கம். கோப்பியா தேத்தண்ணியா என்று கேட்டால், “பொறும் தம்பி, யோசிப்பம்” என்பார். இடைவேளை முடிந்து நாங்கள் எழும்பும்போது பச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்.

ரைஸ் குக்கர் ஒன்று வாங்க அவர் யோசித்த காலத்துக்குள் அந்தக் கடையே இழுத்து மூடப்பட்டது. மகள் பிறந்தபோது இரண்டு கொப்பி நிறையப் பெயர் எழுதி ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், பிள்ளைக்குப் பெயரை வையுங்கள் ஐயா என்று அரசாங்கத்திலிருந்து நினைவூட்டல் கடிதம் வந்தது. அதுவரை அவள் வெறும் ‘பிள்ளை’தான். இப்போது அவள் கல்யாணம் கட்டித் திராமன் நகரத்தில் இருக்கிறாள், தாய் தகப்பனுக்கு இன்னமும் ‘பிள்ளை’தான்.

இப்படிப்பட்டவர் தன் வாழ்நாளில் யோசிக்காமல் வாங்கிய பொருள் ஒன்றே ஒன்று. அது லோறென்ஸ்கூக்கில் இருக்கும் அவருடைய வீடு. இந்த நாட்டில் வீடு விற்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைத் திறந்துவிட்டு, வருவோர் போவோருக்கெல்லாம் வீட்டைக் காட்டுவார்கள். அண்ணை இரண்டு வருடம் ஒரு ஞாயிறு தவறாமல் போய்ப் பார்த்தார். தரகர்மார் அவரைப் போட்டிக் கம்பனி அனுப்பிய உளவாளி என்று சந்தேகப்படத் தொடங்கிவிட்டார்கள். ஒரு ஞாயிறு அவருடைய மனைவி ராணி அக்காவும் கூடப் போயிருந்தார். குசினி ஜன்னலடியில் நின்று, “இஞ்சை நல்ல வெயில் விழுது, என்ன?” என்று கேட்டாராம். அடுத்த நாளே வீடு அவர்களுடையதாகிவிட்டது. அதைப் பற்றிக் கேட்டால் அண்ணை வெட்கப்பட்டுக்கொண்டு, வெயில் உண்மையாகவே நல்லாகத்தான் விழுந்தது என்பார்.

அந்த வீட்டுக்குள்தான் கள்ளர் புகுந்தார்கள்.

இரண்டுபேரும் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்த சனிக்கிழமை அது. நகை முழுவதும் ராணி அக்காவின் கழுத்திலும் கையிலுமாக மண்டபத்தில் மினுங்கிக்கொண்டிருந்ததால், வந்தவர்களுக்கு ஒரு குண்டுமணி தங்கமும் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் தொலைக்காட்சியைத் தொடவில்லை, கணினியைத் தொடவில்லை. நேராகக் குசினிக்குப் போய் அரிசி வாளியை நிலத்தில் கவிழ்த்துத் துழாவியிருக்கிறார்கள். பிறகு மா டின், பருப்பு டின், கடைசியாகச் சுவாமிப் படத்துக்குப் பின்பக்கம். கள்ளருக்கு ஏன் அரிசியில் இவ்வளவு அக்கறை என்று விசாரிக்க வந்த பொலிஸ்காரி கேட்டாள். அங்கே நின்ற நாங்கள் எல்லாரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தோம். எங்கள் சனம் எங்கே எதை ஒளிக்கும் என்பது அந்தக் கட்டையில் போவாருக்கு விரல்நுனியில் இருந்திருக்கிறது.

போனது ஒன்றுமில்லை, ஆனால் ராணி அக்காவின் நித்திரை போய்விட்டது. வாசலில் தபால்காரன் காலடி கேட்டாலே எழும்பி நின்றார். நகை முழுவதையும் கைப்பைக்குள் போட்டு, தான் வேலை செய்யும் பாலர் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போனார். பிள்ளைகளோடு மண் விளையாடும்போதும் அந்தப் பை கக்கத்தில்தான். நின்ற நிலையில் மெலிந்தார். ஒருநாள் அழுதுகொண்டே சொல்லிவிட்டார், இந்த வீட்டை விற்றுவிட்டு அம்மருட்டில் ஒரு பிளாட்டுக்குப் போவோம், பத்தாம் மாடிக்கு எந்தக் கள்ளன் ஏறி வருவான் என்று.

அண்ணைக்கு நெஞ்சில் இடி விழுந்தமாதிரி. ஒரு மாதம் யோசித்தார். பிறகு ஒரு நாள் டிப்போ ஓய்வறையில் என்னை மூலைக்குக் கூப்பிட்டார்.

“தம்பி, சின்னதா ஒரு ரிவோல்வர் வாங்குவமோ எண்டு யோசிக்கிறன்.”

எனக்குக் கோப்பி புரையேறிவிட்டது. இந்த நாட்டில் கள்ளனுக்கென்று துவக்கு வாங்க முடியாது. வேட்டைக்கு வாங்கலாம், குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கு வாங்கலாம். அதற்கும் கழகத்தில் சேர வேண்டும், பயிற்சி எடுக்க வேண்டும், பொலிஸ் விசாரித்து அனுமதி தர வேண்டும். இதையெல்லாம் சொன்னேன். பயிற்சிக்கு மாதக்கணக்கில் எடுக்கும் என்றதும் மனுசனுடைய முகம் மலர்ந்துவிட்டது. யோசிக்க அரசாங்கமே நேரம் தருகிறது, வேறென்ன வேண்டும்.

துப்பாக்கிக் கழகம் ஒரு பழைய பதுங்குகுழிக்குள் இருந்தது. ஊரில் பங்கருக்குள் இருந்து தப்பி வந்த மனுசன், இங்கே சந்தா கட்டிப் பங்கருக்குள் போகிறார் என்று டிப்போவில் நக்கலடித்தோம். கழகத் தலைவி பெரிட் என்ற எழுபது வயதுக்காரி. ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று அவள் கேட்க, எங்கள் ஆள் கள்ளம் கபடமில்லாமல், கள்ளருக்காக என்று சொல்லியிருக்கிறார். அவள் கோபிக்கவில்லை. இங்கே நாங்கள் கடதாசியை மட்டும்தான் சுடுவோம், மனிதரை மனதில் வைத்திருப்பவருக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்லி, கையைக் குலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

மூன்று கிழமை கழித்துத் திரும்பிப் போய், கடதாசிக்குத்தான் என்றார். அது பொய்யில்லை. அந்த மூன்று கிழமையும் அவர் ஒரு கள்ளனை மனதுக்குள்ளே சுட்டுப் பார்த்திருக்கிறார். சுட்டதும் அவனுக்கு மருந்து கட்டி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, தாய் தகப்பன் எங்கே இருக்கினம் என்று விசாரிக்கும்வரை யோசினை ஓடிவிட்டதாம். சுடுகிற வேலை தனக்குச் சரிவராது என்று கண்டுகொண்டார். ஆனால் வீட்டில் ஒன்று சும்மா பூட்டிக் கிடந்தாலே ராணி அக்காவுக்குத் தைரியம் வரும் என்ற எண்ணம் மட்டும் அவரை விடவில்லை.

ராணி அக்காவோ கேட்ட நேரத்திலிருந்தே மாட்டேன் என்றார். “கள்ளன் ஒருக்கா வந்திட்டுப் போயிட்டான். இது வீட்டோடையெல்லே இருக்கப்போகுது” என்றார். தன் பதினான்கு வயதில், ஊரில் துவக்கோடு வீட்டுக்குள் வந்து அலுமாரியைத் திற என்று நின்றவர்களை அவர் மறக்கவில்லை. துவக்கு வந்தால் தான் திராமனுக்கு, பிள்ளையிடம் போய்விடுவேன் என்றும் சொல்லி வைத்தார். அண்ணை வழக்கம்போல, “நீர் பயப்பிடாதையும், நான் இன்னும் முடிவெடுக்கேல்லை” என்றார். முப்பது வருடமாக அந்தக் குடும்பத்தில் இதைவிட நம்பக்கூடிய வாக்குறுதி இருந்ததில்லை.

கழகத்தில் அவர் சுடும் அழகைப் பார்க்க ஒருநாள் நானும் போனேன். மற்றவர்கள் ஐந்து தரம் சுட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டார்கள். இவர் கையை நீட்டியபடி முதலாவது குண்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். வேகமாகச் சுடும் பிரிவில் நேரம் முடிந்து மணி அடித்தபோது ஒரே ஒரு குண்டுதான் போயிருந்தது. அது நட்டநடுவில் இருந்தது. பெரிட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொருமுறை பார்த்தாள். காதுமூடிக்குள் ஒருவருடைய கேள்வியும் கேட்காத அந்த இடம் அண்ணைக்குச் சொர்க்கமாகிவிட்டது.

அந்த நேரம் நகரத்துக் கடையொன்றில் கைக்கடக்கமான ஒரு ரிவோல்வர் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. குழல் குட்டை என்பதால் ஒருவரும் வாங்காமல் மலிவு விலைக்கு வந்திருந்தது. பெரிட் வேண்டாம் என்றாள், குட்டைக் குழலில் குறி தப்பும் என்றாள். டிப்போவில் அபிப்பிராயம் கேட்டதில் ஒருவர் கனடாவில் இதைவிட மலிவு என்றார். மற்றவர் நல்ல நாள் பார்த்து வாங்கு என்றார். கதை எப்படியோ சனத்துக்குள் பரவி, பிறந்தநாள் விழா ஒன்றில் அவருக்குப் பந்தி பரிமாறியவர் கேட்காமலே இரண்டாம் தரம் பாயசம் ஊற்றினார். அண்ணை எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பொலிசுக்கு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, யோசினையைத் தொடர்ந்தார்.

அதற்கிடையில்தான் இரும்புப் பெட்டியை வாங்கினார். துவக்கு வைத்திருப்பவர் அதைச் சட்டப்படி இரும்புப் பெட்டிக்குள்தான் பூட்ட வேண்டும். உள்ளங்கை அளவு ரிவோல்வருக்கு ஒரு சின்னப் பெட்டி போதும். ஆனால் கழிவு விலை போட்டிருந்தது வேட்டைக்காரருக்கான பெரிய பெட்டிக்கு. ஆள் உயரம், ஐந்து நீளத் துவக்குகள் நிமிர்ந்து நிற்கலாம். டிப்போவிலிருந்து நாங்கள் நாலுபேர் அதை மாடிக்கு ஏற்றினோம். என் இடுப்பு இன்றைக்கும் மாரி காலத்தில் அந்தப் பெட்டியை ஞாபகப்படுத்தும். துவக்கில்லாத வெறும் பெட்டிதானே என்று ராணி அக்கா சந்தனம் குங்குமம் வைத்து அதை வரவேற்றார்.

நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் கைப்பையைக் கொண்டுவந்து அதற்குள் வைத்துவிட்டார். அடுத்த கிழமை, துவக்குச் சாத்தும் பள்ளங்களில் கூறைச்சேலைகள் தொங்கின. அதற்கடுத்த கிழமை, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பெண்கள், தங்கள் நகைகளைப் பழைய பிஸ்கட் டின்களில் கொண்டுவந்து ஒப்படைக்கத் தொடங்கினார்கள். எல்லா டின்னிலும் பெயர் ஒட்டி அடுக்கி வைத்தார் ராணி அக்கா. தோட்டாக்களுக்கென்று இருந்த சின்னத் தட்டில் ஒரு குழந்தையின் அரைஞாண் கொடி கிடந்தது. வீடு விற்கும் கதை எப்போது நின்றதென்று எனக்குச் சரியாகத் தெரியாது.

அனுமதி வந்தது. அண்ணை என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரன் ரிவோல்வரை எடுத்துக் கையில் கொடுத்தான். உள்ளதைச் சொன்னால், அது அவருடைய கைக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. மனுசன் பிள்ளையைத் தூக்கிய மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார். இனி அரை நாள் இங்கேதான் என்று நான் ஒரு கதிரையைத் தேடினேன். கடைக்காரன் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தான். பெட்டி இருக்கிறதா, இருக்கிறது. சுவரோடு பூட்டியிருக்கிறதா, ஓம். பெட்டியைப் பூட்டும் திறப்பு யாரிடம் இருக்கிறது.

அண்ணை உண்மையைச் சொன்னார். மனைவியிடம்.

அது சரிவராது என்றான் கடைக்காரன். அனுமதி உங்கள் பெயரில் இருப்பதால் திறப்பு உங்களிடம் மட்டும்தான் இருக்க வேண்டும், மனைவி அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது, இன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள் என்று நல்ல முறையில்தான் சொன்னான்.

அண்ணை ரிவோல்வரைப் பார்த்தார். பிறகு அதைக் கண்ணாடி மேசையில், சத்தம் வராமல் வைத்தார்.

“வேண்டாம், நன்றி” என்றார். பொறுங்கோ இல்லை, யோசிப்பம் இல்லை. நான் கதிரையில் இன்னும் சரியாக இருந்துகூட முடியவில்லை.

வெளியே வந்ததும், ஒரு சின்னப் பெட்டி இன்னொன்று வாங்கினால் பிரச்சினை தீர்ந்ததே என்று என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். அவர் பஸ் தரிப்பிடத்தில் வந்து நின்று சொன்னார்.

“அந்தத் திறப்பைத் தலைமாட்டிலை வைச்சுக்கொண்டுதான் தம்பி இப்ப படுக்கிறா. படுத்த உடனை குறட்டை. கல்யாணம் முடிச்ச நாளிலையிருந்து அவ குறட்டை விட்டு நான் கேட்டதில்லை. ஊரிலையும் இல்லை, இஞ்சை வந்தும் இல்லை. ஒரு துவக்கு வீட்டுக்குள்ளை வந்தால், எந்தப் பெட்டியிலை பூட்டினாலும், அவ திரும்ப எழும்பிக் குந்தியிருப்பா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் குறட்டையால் தனக்குத்தான் இப்போது நித்திரை இல்லை என்று பிறகு முறைப்பாடும் சொன்னார். காதுக்குப் பஞ்சு வாங்குவதா ரப்பர் அடைப்பு வாங்குவதா என்பதைப் பற்றி அன்று பஸ்ஸில் வீடுவரை கதைத்தார். முடிவுக்கு வரவில்லை.

அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். வியாழக்கிழமைகளில் பதுங்குகுழிக்குப் போய், கழகத்தின் பழைய துவக்கை இரவல் வாங்கிக் கடதாசியைச் சுடுகிறார். மெதுவாகச் சுடும் போட்டியில் அவருக்கு ஒரு கிண்ணம்கூடக் கிடைத்தது. ராணி அக்கா அதையும் கொண்டுபோய் நகைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிவிட்டார்.

நானும் திராமன் பக்கம் குடிவந்து நாலு வருடமாகிறது. என் மனைவியின் காப்புகள் ஒரு பிஸ்கட் டின்னில் இன்னும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. போய் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அவள் அடிக்கடி சொல்கிறாள். நானும் ஒவ்வொரு மாதமும் போகிறேன், அண்ணையோடு ஒரு பின்னேரம் முழுக்க இருந்து கதைத்துவிட்டு, காப்புகளை எடுக்காமலே திரும்பி வருகிறேன்.