டர்போ அக்காவின் கரி ஃபில்டர்

நாமக்கல்லில் என்ஜினைப் பற்றிக் கருத்துச் சொல்லாத மனிதரே கிடையாது. லாரி ஊர். இங்கே முடி வெட்டுகிறவர்கூட வாசலில் நிற்கும் உங்கள் வண்டியின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இன்ஜெக்டர ஒருக்கா பாத்துருங்க" என்பார். அப்படிப்பட்ட ஊரில் அத்தனை பேரின் வாயையும் மூட வைத்த ஒரே ஆள் எங்கள் ஆபீஸ் டர்போ அக்காதான் என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறேன்.

எங்கள் ஆபீஸ் என்பது கோழித் தீவனத்தைச் சோதிக்கும் ஒரு சின்ன லேப். பண்ணைக்காரர்கள் மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு என்று பையில் கட்டிக் கொண்டுவருவார்கள். ஈரம் எவ்வளவு, புரதம் எவ்வளவு, பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து ரிப்போர்ட் தருவோம். தருவோம் என்றால், அக்கா சோதிப்பார், நான் டைப் அடிப்பேன். அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. கஞ்சி போட்ட காட்டன் சேலை. மற்றவர்கள் கைப்பையில் சீப்பு வைக்கிற இடத்தில் அவர் டயர் காற்று அளக்கும் மீட்டர் வைத்திருந்தார். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

அவரிடம் ஒரு சாம்பல் நிற டீசல் கார் இருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. "வண்டி எப்படிங்க்கா?" என்று மரியாதைக்குக் கேட்டவர்கள் டீ ஆறி ஆடை படியும்வரை தப்ப முடியாது.

"ஆயிரத்து எரநூத்தி நாப்பத்தெட்டு சிசி சாமி. நாலு சிலிண்டர், பதினாறு வால்வு. எழுவத்தஞ்சு குதிரை. ஆனா குதிரையப் பாக்கக் கூடாது, டார்க்கைப் பாக்கோணும், அதுதான் இழுக்கற தெம்பு. ரெண்டாயிரம் ஆர்பிஎம்ல நூத்தித் தொண்ணூறு நியூட்டன் மீட்டரு! அது வரைக்கும் சாது. அதத் தாண்டுச்சுனா கயித்த அறுத்துட்டு ஓடற கன்னுக்குட்டி."

கார் ஓடும் விதத்தைவிட அதற்கு வரக்கூடிய நோய்களைச் சொல்லும்போதுதான் அவர் முகம் பிரகாசமாகும். ஈஜிஆர் என்ற புகை வால்வில் கரி அடைக்கும். ஆயில் குறைந்தால் டைமிங் செயின் தளர்ந்து என்ஜினே போய்விடும். காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது அந்தச் செயின் சலசலக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். அப்போது காரில் இருக்கிறவர்கள் மூச்சுவிடக் கூடாது. ஒரு நாள் எங்கள் அக்கவுண்டன்ட் சரியாக அந்த விநாடியில் தும்மிவிட்டார். குளிர்ந்த என்ஜினை ஒரு நாளில் ஒரு முறைதானே ஸ்டார்ட் செய்ய முடியும்? மறுநாள் காலை செயின் நலமாக இருக்கிறது என்று தெரியும்வரை அக்கா அவரிடம் பேசவில்லை.

ஓடி நின்றதும் இரண்டு நிமிடம் என்ஜினை அணைக்க மாட்டார். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றி என்ஜினுக்குள் காற்றைத் தள்ளிய டர்போவுக்கு ஆயில் போய்ச் சூடு ஆற வேண்டுமாம். மேனேஜர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போனபோது நாங்கள் எல்லாரும் இறங்கிவிட்டோம். அக்கா மட்டும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். மேனேஜரின் மனைவி பதறிப்போய்க் குங்குமத் தட்டோடு ஓடி வந்தார்.

"ஏனுங்கக்கா, பத்திரிகை வெச்சதுல ஏதாச்சும் கொறையாப் போச்சுங்களா? மனசுல வெச்சுக்காதீங்க, ஊட்டுக்குள்ள வாங்க."

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. டர்போ ஆறோணும். நீ போயி எலயப் போடு, வாரேன்."

லேப் வேலையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு முறைதான் தவறு நடந்தது. தன் காரின் ஆயிலையும் சின்னப் பாட்டிலில் பிடித்து, தீவன சாம்பிள்களுக்குப் பக்கத்திலேயே வைத்துச் சோதிப்பது அவர் வழக்கம். காகிதங்கள் இடம் மாறின. நான் வந்ததை அப்படியே டைப் அடித்து அனுப்பிவிட்டேன். பரமத்தியிலிருந்து ஒரு பண்ணைக்காரர் போன் செய்தார்.

"ஏனுங்க, ரிப்போர்ட்டு வந்துச்சுங்க. 'கரி அதிகம், உடனே மாற்றவும், ஃபில்டரையும் சேர்த்து மாற்றவும்'னு போட்டிருக்குதுங்க. தீவனத்த மாத்திப்போட்டனுங்க. கோழிக்கு ஃபில்டரு எங்கீங்க இருக்குது?"

இப்படியே எழுதிக்கொண்டு போகலாம். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

என் மனைவி செல்விக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. சேலத்தில் ஆபரேஷன் முடிந்தது. அடுத்து ரேடியேஷன், இருபத்தைந்து முறை. திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை நான்கு மணிக்கு, ஐந்து வாரம். ஆபரேஷனுக்கே என் லீவு எல்லாம் கரைந்திருந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க அவளுக்குக் கை தூக்க முடியாது. சொந்தத்தில் ஒருவர் கார் அனுப்புகிறேன் என்றார். செல்வி ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"அவுங்க காரு வேண்டாம். எந்தக் காதுகுத்துக்குப் போனாலும் பத்து வருசத்துக்குச் சொல்லிக்காட்டுவாங்க. நான் பஸ்ஸுலயே போய்க்கிறேன்."

அதைத் தாண்டி அவளிடம் பேச முடியாது. இருபது வருட அனுபவம் எனக்கு. ஆபீஸில் அக்காவிடம் புலம்பினேன். அவர் மக்காச்சோளத்தை அரைத்துக்கொண்டே கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வாசலில் சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. இரண்டு நிமிடம் கழித்து அக்கா இறங்கி உள்ளே வந்தார்.

"செல்வி, எனக்கொரு ஒத்தாச பண்ணோணுமே."

செல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்கக்கா."

"வண்டியில கரி ஃபில்டர்னு ஒண்ணு இருக்குது. புகையில வர்ற கரியப் புடிச்சு வெச்சுக்கும். ஊருக்குள்ளயே ஓட்டிட்டிருந்தா அடைச்சுப் போகும். ஹைவேயில முக்கா மணி நேரம் ஒரே வேகத்துல ஓட்டுனாத்தான் சூடேறி அந்தக் கரி எரியும். எனக்கு ரொம்ப அடைச்சுப்போச்சு. மெக்கானிக்கு அஞ்சு வாரம் விடாம ஓட்டச் சொல்லிட்டாரு."

"தெனமுமாங்க்கா?"

"திங்கள் டூ வெள்ளி. சனி ஞாயிறு வேண்டாமுன்னுட்டாரு."

வார விடுமுறை எடுத்துக்கொள்ளும் ஃபில்டர் எங்கே இருக்கும் என்று எனக்கு அப்போதுகூடத் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"தனியா ஓட்டுனா எனக்குத் தூக்கம் சொக்குது சாமி. லேப்பு வேலையக் காலையில ஆறு மணிக்கே வந்து முடிச்சுருவேன். மத்தியானம் நீ பக்கத்துல உக்காந்து பேசிட்டு வந்தீனா போதும். அதுக்கு நன்றிக்கடனா உன்னைய ஆஸ்பத்திரியில எறக்கி உடறேன்."

அவர் போனதும் செல்வி என்னிடம் சொன்னாள்: "பாவங்க. இந்த வயசுல அவங்க தனியா ஓட்டிட்டுப் போயி ஏதாச்சும் ஆச்சுனா?"

மறுநாள் முதல் பயணம் தொடங்கியது. இரண்டாவது வாரத்தில் செல்வி வீதியில் லாரி போனால், "தேர்டு கியர்ல இழுக்கறான், டர்போ போயிரும்" என்று சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாவது வாரத்தில் தோல் கறுத்து எரிந்தது. பேசத் தெம்பில்லை. "பேசறதுக்குத்தானேங்க்கா கூட்டிட்டு வந்தீங்க" என்று வருந்தினாளாம். "என்ஜின் பேசுதில்ல, கேட்டுட்டே படுத்துக்க" என்றாராம் அக்கா.

பதினேழாவது நாள் எனக்கு அரை நாள் லீவு கிடைத்து நானும் போயிருந்தேன். மல்லூர் தாண்டியதும் புஸ்ஸென்று ஒரு சத்தம். பின்னால் கரும்புகை. கார் இழுக்கவில்லை. அக்கா ஓரம் கட்டிப் பானெட்டைத் திறந்தார்.

"பூஸ்ட் ஹோஸ் கிழிஞ்சுபோச்சு. டர்போ தள்ளற காத்தெல்லாம் வெளிய போகுது. ஓடுங்க சாமி, அந்தப் பஞ்சர் கடையில பழைய சைக்கிள் ட்யூப் வாங்கிட்டு வாங்க!"

ஓடினேன். கஞ்சி போட்ட சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொதிக்கும் என்ஜினுக்குள் கை விட்டு, அந்த ட்யூப்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். மணிக்கட்டில் சுட்டதை நான் பார்த்தேன். அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடம் தாமதம். மிஷினை இயக்குபவர், "இன்னைக்கு முடிஞ்சுது மேடம், நாளைக்கு வாங்க" என்றார்.

அக்கா கரி அப்பிய இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தார். "ஏன் லேட்டுன்னு சொல்றேன், உக்காருங்க தம்பி. டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவுல ஒரு ரப்பர் ஹோஸ் இருக்குதுங்க..."

அவர் பூஸ்ட் பிரஷருக்கு வருவதற்குள் அந்தத் தம்பி எழுந்துவிட்டார். "உள்ளே கூட்டிட்டு வாங்க மேடம்."

அன்றைய சிகிச்சை தவறவில்லை. திரும்பும்போது கொண்டலாம்பட்டியில் அக்காவின் மெக்கானிக் ஒர்க்ஷாப்புக்குப் போனோம். எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். புது ஹோஸ் மாட்டிக்கொண்டிருந்தார். அக்காவும் செல்வியும் எதிர்க்கடையில் டீ குடிக்கப் போயிருந்தார்கள். எனக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை.

"பாய், அப்படியே அந்தக் கரி ஃபில்டரையும் கழட்டிச் சுத்தம் பண்ணிருங்க. பாவம், அதுக்காகத்தானே அக்கா தினமும் ஓட்டறாங்க."

பாய் தலையை வெளியே எடுத்தார். "எந்த ஃபில்டர் சார்? அது இப்ப வர்ற புது வண்டிங்கள்லதான் இருக்கும். இது பழைய மாடல். இதுல அது கிடையவே கிடையாது."

"அக்காவுக்குத் தெரியாதா?"

"நல்லா கேட்டீங்க போங்க. எந்த வண்டியில உண்டு, எதுல இல்லன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவங்கதான்."

டீக்கடையைப் பார்த்தேன். அக்கா செல்விக்கு டீயை ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் செல்வியிடம் சொன்னேன். மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு, "இத நீங்க அக்காகிட்டக் கேட்றாதீங்க" என்றாள்.

"ஏன்?"

"இன்னும் எட்டு நாள் இருக்குது. என்னையத்தான் கூட்டிட்டுப் போறாங்கன்னு ஆயிருச்சுனா என்னால ஏற முடியாதுங்க. அவங்களுக்குத் தொணையாப் போறேன்னா ஏறிக்குவேன்."

மறுநாள் மதியம் கார் வந்தது. "ஃபில்டரு எவ்வளவுங்க்கா எரிஞ்சிருக்குது?" என்று கேட்டுக்கொண்டே செல்வி ஏறினாள். "முக்காவாசி ஆச்சு சாமி" என்றார் அக்கா. இருவரும் ரோட்டைத்தான் பார்த்தார்கள்.

இதெல்லாம் முடிந்து மூன்று வருடமாகிறது. செல்வி நன்றாக இருக்கிறாள். அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் திருச்செங்கோடு போய்விட்டார். போன மாதம் எங்களைப் பார்க்க வந்திருந்தார், அதே காரில். மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை வாசலிலேயே ஆரம்பித்தேன்.

"அக்கா, அந்த அஞ்சு வாரத்துக்கு நான் உங்களுக்கு..."

"வண்டிக்குச் சொல்லுங்க சாமி. அதுதானே ஓடுச்சு" என்று செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீதியில் இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. பானெட்மேல் கையை வைத்து, "ரொம்ப நன்றிங்க" என்றேன். நல்ல சூடு. ஆனாலும் கையை எடுக்க மனம் வரவில்லை.