ஆபகூக் போட்ட பூட்டு

ஆம்பூர் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் சுந்தர்ராஜ் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பெண்டாட்டி கிறிஸ்டினாவின் விரல் நுனிகூடத் தன் கம்ப்யூட்டரில் படக்கூடாது.

மூடிப்போன தோல் கம்பெனி ஒன்றிலிருந்து அடிமாட்டு விலைக்கு வாங்கிய பழைய கம்ப்யூட்டர் அது. கணக்கு பார்க்கத்தான் என்று சொல்லிப் பாகாயத்தில் இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவந்தார். ஆடியதென்னவோ அதிலிருக்கும் சீட்டாட்டம். சர்ச் கமிட்டியில் சீட்டாட்டத்தை எதிர்த்து வாய் கிழியப் பேசுகிறவர் அவர். விஷயம் வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும்.

கிறிஸ்டினாவோ ஆஸ்பத்திரி நர்ஸ்.

"ஏங்க, அடுத்த மாசம் எங்களுக்குக் கம்ப்யூட்டர் பரீட்சை. பாஸானா நைட் டூட்டி கெடையாது. கொஞ்சம் பழகிக்கறனே."

"கண்டவங்க கை பட்டா வைரஸ் வந்துடும்."

"வரட்டும். நான் ஊசி போடறேன்."

இப்படிப் பேசுகிறவளை நம்ப முடியுமா? மெஷினைப் போட்டதுமே, விண்டோஸ் வருவதற்கும் முன்னால், பாஸ்வேர்ட் கேட்கும்படி செய்தார். பைபிளின் முதல் புத்தகமான 'ஜெனிசிஸ்' பாஸ்வேர்ட் ஆனது.

"பூட் பாஸ்வேர்ட் போட்டுட்டேன்!"

"பூட்ஸ் செய்றவரு பூட்டையும் 'பூட்'னுதான் சொல்வீங்களா?"

மறுநாள் வேலை முடிந்து வந்தவர் மானிட்டர் தலையில் கை வைத்தார். சுட்டது. அப்படியானால் இவ்வளவு நேரம் யாரோ ஓட்டியிருக்கிறார்கள்!

"இன்னாங்க, அதுக்கு ஜொரமா? தெர்மாமீட்டர் தரட்டா?"

"நீ தொறந்தியா?"

"பூட்டினது நீங்க. நான் எப்டி தொறப்பேன்?"

சிரித்தாளோ? சிரித்த மாதிரிதான் இருந்தது. பாஸ்வேர்டை பைபிளின் அடுத்த புத்தகமான 'எக்சோடஸ்' என்று மாற்றினார். மறுநாளும் சுட்டது. 'சாமுவேல்' என்று மாற்றினார். இன்னும் ஜாஸ்தி சுட்டது. அவள் சண்டே ஸ்கூல் டீச்சர் வேறு, பைபிள் தலைகீழ்ப் பாடம். யாரும் புரட்டாத புத்தகமாகத் தேடிப் பிடித்தார்: ஆபகூக்.

இங்கிலீஷில் அதற்கு எத்தனை எழுத்து என்பது அவருக்குத் தெரியாது. குத்துமதிப்பாக அடித்துப் பூட்டினார். திரையில் வெறும் நட்சத்திரங்கள்தான் தெரிந்தன. மறுநாள் திறக்கவில்லை. 'பி'யைக் கூட்டினார், 'கே'யைக் குறைத்தார். கடைசியில் இங்கிலீஷ் பைபிளைப் பார்த்தே அடித்தார். ஊஹும். தப்பாகப் போட்ட பூட்டு சரியான சாவிக்குத் திறக்குமா?

கை நமநமத்தது. ரோஷத்தை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார்.

"நீதான் டெய்லி தொறக்கறியே, தொறந்து குடு. கணக்கு நிக்குது."

"எந்தக் கணக்கு? ஆர்ட்டினா, இஸ்பேடா?"

சுந்தர்ராஜ் எட்டிப் போய் ஜன்னலைச் சாத்தினார். சந்தேகமே இல்லை, எல்லாவற்றையும் திறந்து பார்த்திருக்கிறாள்!

"சாயங்காலம் பூரா நீயே பழகிக்க. பாஸ்வேர்டும் நீயே வச்சுக்க. யார்கிட்டயும் சொல்லாத, அது போதும்."

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"மாற மாட்டேன்."

உடனே அவள் போன் போட்டாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் வாஹித் பாஷா வந்தார். உள்ளேயிருந்த காசு சைஸ் பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் பொறுத்து மாட்டினார். ஆபகூக் போன இடம் தெரியவில்லை. கிறிஸ்டினா புது பாஸ்வேர்ட் அடிக்கும்போது சுந்தர்ராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டியதாயிற்று.

வாஹித் பாஷா போனதும் மெதுவாகக் கேட்டார். "இத்தினி நாளா நீ தொறந்தப்ப மெக்கானிக் இல்லியே. எப்டி தொறந்தே? சீட்டாட்டம் எப்டி தெரிஞ்சுது?"

"தூக்கத்துல ஆர்ட்டின் ராணிய நீங்கதானே கூப்புடறீங்க. நான் எங்கங்க தொறந்தேன்? நீங்க வர்ற நேரத்துக்கு ஒத்தடம் குடுக்கற வெந்நீர்ப் பையை மானிட்டர் மேல வச்சு எடுத்தேன், அவ்ளோதான்."