பாப்பாவின் கவுனும் என் கைலியும்

அன்புத் தங்கை சுகுணாவுக்கு,

திருக்கோகர்ணத்திலிருந்து அண்ணன் திருப்பதி எழுதிக்கொள்வது. இங்கே நானும், வலது கையில் மாவுக்கட்டோடு உன் அண்ணி புவனேஸ்வரியும் ஒருமாதிரி நலம். அங்கே நீயும் மாப்பிள்ளை கோபிநாத்தும் பாப்பாவும் நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. வியாழக்கிழமை உன் மாமியார் எங்கள் வீட்டிலிருந்து கீரமங்கலம் திரும்பி வந்து சொன்ன சேதிக்குப் பிறகு அங்கே யாரும் நிம்மதியாக இருந்திருக்க முடியாது. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய், பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருப்பார். அதனால்தான் இந்தக் காலத்தில் கடிதம். அங்கே பூ வாங்க வரும் பக்கத்து வீட்டு உதயசூரியன் கையில் பாப்பாவின் காதுகுத்துக் கவுனோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன்.

அத்தை பார்த்தது பொய்யில்லை. ஆனால் பார்த்தது பாதிதான். மாமன் சீராக வரும் கவுன் அண்ணி கையால் தைத்த பிரில் கவுனாக இருக்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். அவளும் ரோஸ் துணியெல்லாம் வெட்டி வைத்துவிட்டு, மாடிப்படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கடையில் வாங்கிவிடலாம் என்றால் அழுகிறாள். மின்வாரியத்தில் ஆயுசு முழுக்கக் கம்பி இழுத்துக் கட்டியவனுக்கு நூல் இழுப்பது ஒரு வேலையா என்று நினைத்து நானே மெஷினில் உட்கார்ந்தேன். அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "தையலப் பெருசாக்கி ரெண்டு ஓட்டு ஓட்டுங்க. முனையில நூல நீளமா விட்டுட்டு, அடிநூல மட்டும் மெதுவா இழுங்க. துணி தானாச் சுருங்கும்" என்றாள். நான் பத்திரமாக இருக்கட்டும் என்று இரண்டு முனையிலும் முன்னும் பின்னும் தைத்து இறுக்கிவிட்டேன். இழுத்தால் ஒரு சுருக்கும் விழவில்லை. பிரித்து மறுபடி ஓட்டி, இந்த முறை மேல்நூல், அடிநூல் இரண்டையும் சேர்த்து உத்தியோகப் பழக்கத்தில் ஓர் இழுப்பு இழுத்தேன், பட்டென்று அறுந்தது. "ஏங்க, அது போஸ்ட் கம்பியில்ல, நூலு!" என்று கட்டிலிலிருந்து சத்தம். அடுத்த தடவை சுருக்கு விழுந்தது, ஆனால் காலை நேரத்து டவுன்பஸ் மாதிரி எல்லாம் ஒரே பக்கம் போய் அப்பிக்கொண்டது, மறுபக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. அதை விரலால் தள்ளித் தள்ளிப் பரப்பினேன். கடைசியில் சுற்றிவர ஒரே அளவாகச் சுருக்கு நின்றபோது, சுகுணா, என்னையறியாமல் கை தட்டிவிட்டேன்.

அந்த சந்தோஷத்தில்தான் கெட்டது காரியம். அண்ணி மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளே தூங்கிவிட்டாள். நான் பிரில்லைக் கவுனின் மேல்பாகத்தோடு இணைத்து ஒரே மிதியாக மிதித்து முடித்துப் பார்த்தால், மடியில் கிடந்த என் கைலியும் கவுனோடு சேர்ந்து தைக்கப்பட்டிருக்கிறது. சரியாக அப்போது காலிங்பெல். "புவனா, கை எப்படி இருக்கு?" என்று உன் மாமியார் குரல். கைலியை அவிழ்த்துவிட்டு வரவேற்பதா, கவுனோடு வரவேற்பதா என்று நீயே சொல்லு. நான் கவுனோடு போனேன். கழுத்தில் இஞ்ச் டேப், இடுப்பில் முழங்கால் வரை ரோஸ் பிரில், முகத்தில் சிரிப்பு.

அத்தை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி... திருப்பதிதானா?"

"வாங்கத்தை, உள்ள வாங்க. இது ஒண்ணுமில்ல, சுருக்கு வச்சேன்."

"இல்லப்பா, நான் இன்னொரு நாளைக்கு வாரேன்" என்று கொண்டுவந்த பூப்பையை வாசலிலேயே வைத்துவிட்டு விறுவிறுவென நடந்தார். விளக்கம் சொல்லலாம் என்று நான் பின்னால் ஓடினேன். அதுதான் தப்பு. நான் ஓட ஓட அவரும் ஓடி ஆட்டோவில் ஏறிவிட்டார். தெருவில் நின்ற உதயசூரியன், "என்னண்ணே, எந்தக் கோயில்ல கூத்து?" என்கிறான்.

அன்று ராத்திரியே மாப்பிள்ளை மெசேஜ். "மச்சான், தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாமா?" அது கூடப் பரவாயில்லை. பாப்பாவை மடியில் வைத்துக் காது குத்த ஒன்றுவிட்ட மாமன் மலையாண்டியைக் கூப்பிடலாமா என்று அங்கே பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊசி ஏறும்போது அந்தப் பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் கத்த வேண்டும். அந்த மடியை இன்னொருத்தனுக்குக் கொடுத்துவிடாதே ஆத்தா.

கைலியைப் பிரித்து, அண்ணி இடது கையால் பிடித்துக்கொள்ள, எல்லாவற்றையும் மறுபடி தைத்துவிட்டோம். கவுன் நன்றாகவே வந்திருக்கிறது. யார் கேட்டாலும் அண்ணி தைத்தது என்றே சொல்லிவிடு. அத்தை கண்ணில் இந்தக் கடிதம் படவே கூடாது, படித்ததும் கிழித்துப் போடு. இனி நான் அந்த மெஷின் பக்கமே போகப்போவதில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பாப்பாவின் இரண்டு காதுக்கும் முத்தம், அத்தைக்கு (தூரத்தில் நின்று) வணக்கம். எல்லாரும் சுகமாக இருக்க கோகர்ணேசுவரர் துணை நிற்கட்டும்.

உன் அண்ணன்,
திருப்பதி

பி.கு.: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் உன் மாமியார் வந்துவிட்டார், எனக்குக் கட்ட மந்திரித்த கயிறோடு. நான் காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் மெஷின் மேல் கிடந்த இந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கவுனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணி தச்சதுன்னு எதுக்கு பொய்யி? மாமன் தச்சதுன்னே ஊரு முழுக்கச் சொல்லுவேன். மலையாண்டி பந்தியப் பாத்துக்கட்டும், மடி ஒன்னுதுதான் தம்பி" என்றார். ஆகையால் கடிதத்தைக் கிழிக்க வேண்டாம், அத்தை கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உடனே அனுப்ப முடியாது. தன் மகள் வயிற்றுப் பேத்திக்கும் அதே மாதிரி வேண்டும் என்று கடைக்குப் போய்ப் பச்சைத் துணி வாங்கிவந்து மெஷின் மேல் விரித்துவிட்டார். சுருக்கு இதைவிட நெருக்கமாக இருக்கணுமாம்.