இத்தாலிக் கம்பெனியும் என் இட்லிப் பானையும்

உலகத்தில் எத்தனையோ பேர் என் உயிரை வாங்கியிருக்கிறார்கள். மாமியார் வாங்கினாள், சிலிண்டர்காரன் வாங்கினான், கடன் சொல்லிச் சாப்பிட்ட கண்டக்டர் வாங்கினான். ஆனால் இத்தாலியைப் போல ஒரு நாள் தவறாமல், சரியாக டிபன் நேரம் பார்த்து வாங்கிய ஆள் செஞ்சிக் கோட்டைக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

இத்தாலி என்றால் நாடு என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்லும். எங்கள் தெருவுக்கு அது ஆள். என் டிபன் கடைக்கு ஒட்டின சுவர் அவருடைய மாவு மில். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் இருக்கும். அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் அவர் பெற்ற பிள்ளை அருளே "அது யாரு?" என்பான்.

எல்லாம் ஒரு மோட்டார் சைக்கிளால் வந்த வினை. புதுச்சேரியில் ஏதோ பெரிய வீட்டைக் காலி பண்ணும்போது அவரைப் பெற்ற நைனா பழைய இரும்போடு இரும்பாக ஏற்றி வந்தது அது. இத்தாலி நாட்டு வண்டி. சிவப்பு நிறம். டேங்கின் மேலே கம்பெனிப் பேரில் பாதி எழுத்து உதிர்ந்து போய்விட்டது. மிச்ச எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியாது. படித்தவர்களும் ஆளுக்கு ஒரு மாதிரி படித்தார்கள். அவர் மட்டும் தன் வீட்டுச் சொத்து போல "நம்ம கம்பெனி" என்றே சொல்வார்.

வந்த வண்டி மூலையில் சும்மா கிடந்திருந்தால் ஊருக்கு வம்பில்லை. கோட்டை பார்க்க வந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் என் கடையில் சோடா குடித்துக்கொண்டே பக்கத்தில் எட்டிப் பார்த்தார். வண்டியைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுதார். பதறிப்போய் நான் தண்ணீர்ச் சொம்போடு ஓடினேன். விசாரித்தால், வயசுப் பிள்ளையாக இருந்தபோது அந்தக் கம்பெனியில் போல்டு முறுக்கியவராம். பொழுது சாயும்வரை மில்லில் உட்கார்ந்து கம்பெனி பிறந்த கதை முதல் செத்த கதை வரை சொன்னார். கூட வந்த கோட்டை கைடு அதைத் தமிழில் சொன்னான். நடுநடுவே கிழவர் எதையோ கழற்றினார், எதையோ மாட்டினார், பெட்ரோல் டேப்பைத் திறந்துவிட்டார். கதை முடிந்ததும் எழுந்து ஓர் உதை விட்டார். வண்டி கிளம்பிவிட்டது.

கிழவர் பஸ் ஏறிப் போய்விட்டார். கதை எங்கள் தலையில் இறங்கிவிட்டது. கதையைச் சொன்னால்தான் வண்டி கிளம்பும் என்று இத்தாலி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். டேப்பைத் திறப்பார். டேங்கின் மேல் கையை வைப்பார். "இத்தாலி நாட்டுல ஒரு மாவு மில்லு" என்று ஆரம்பிப்பார். முடித்துவிட்டு உதைப்பார். கிளம்பும். என்ன சொல்ல, கிளம்பியது!

அந்த மாவு மில்காரருக்கு மூன்று பிள்ளைகளாம். பெரியவன் சைக்கிளில் ஓர் இன்ஜினைக் கட்டி ஓட்டிப் பார்த்தானாம். அப்பன், "மாவரைக்கிற வேலையப் பாருடா" என்று விரட்டினானாம். ஆத்தாக்காரி தாலியை விற்றுப் பட்டறை வைத்துக் கொடுத்தாளாம்.

"யோவ், வெள்ளக்காரிக்கு ஏதுய்யா தாலி?" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நான் கேட்பேன்.

"கைடு தாலின்னுதான் சொன்னான், தங்கச்சி. நீ இன்னா நேர்ல போய்ப் பாத்தியா?"

அப்புறம் மலைக் கணவாயில் பந்தயம். நம் ராஜகிரியைப் போல நாலு மலையை அடுக்கி வைத்த உயரமாம். நடுப்பிள்ளை ஜெயித்தான். மறுவருஷம் கடைக்குட்டி மழையில் வழுக்கி விழுந்து செத்தான். அந்த ரத்த நினைவுக்குத்தான் வண்டிக்குச் சிவப்பு அடித்தார்களாம். அப்புறம் சண்டை வந்தது. கம்பெனி மேல் குண்டு விழுந்தது. பொம்பளைகள் உட்கார்ந்து இடிபாட்டை அரிசி புடைக்கிற மாதிரி முறத்தில் புடைத்து போல்டு பொறுக்கினார்கள். மறுபடியும் வண்டி செய்தார்கள். கூலிக்காரனும் வாங்குகிற மாதிரிச் சின்ன வண்டி. நாடே அதில் ஏறி வேலைக்குப் போனது. கொஞ்சம் காசு சேர்ந்ததும் எல்லாரும் கார் வாங்கிவிட்டார்கள். கம்பெனி பூட்டு. கடைசியில் எவனோ வந்து பேரை மட்டும் விலைக்கு வாங்கி, வேறு எவனோ செய்த வண்டி மேல் ஒட்டிக்கொண்டான்.

"ஒடம்ப வுட்டுட்டு பேர மட்டும் வாங்குனானே, அவன் கை வெளங்குமா?" இதுதான் கடைசி வரி. இதற்கு அப்புறம்தான் உதை.

வண்டி கிளப்ப மட்டும் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். மிளகாய் அரைக்க வந்தவளை நிறுத்தி வைத்துச் சொல்வார். மெஷின் சத்தத்தில் கதை கேட்காது என்று, மிளகாய் உள்ளே இருக்கும்போதே மில்லை நிறுத்துவார். வல்லத்திலிருந்து மூட்டையோடு வந்தவர்கள் கடைசி பஸ்ஸை விட்டிருக்கிறார்கள். எங்கள் பெரியப்பா செத்தபோது சவப்பெட்டியை மூட வந்த பங்குச் சாமியாரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், "சாவுன்னா சாமி, அந்தக் கடைக்குட்டியோட சாவுதான் சாவு" என்று ஆரம்பித்துவிட்டார். பெரியப்பா காத்துக்கொண்டிருந்தார். கூட்டுரோட்டில் லைசென்ஸ் கேட்ட போலீஸ்காரர் பாவம், புதிதாக வந்தவர். அடுத்த தடவை வண்டிச் சத்தம் கேட்டதும் அவரே புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

என்னையாவது விட்டாரா? ஒருநாள் சாம்பார் அண்டா சரிந்து என் காலில் கொட்டிவிட்டது. ஓடிவந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று வண்டியை வெளியே எடுத்தார். டேப்பைத் திறந்தார். டேங்கின் மேல் கையை வைத்தார்.

"இத்தாலி நாட்டுல..."

"அடப்பாவி! காலு வேவுதுய்யா!"

"கொஞ்சம் பொறு தங்கச்சி. தாலி வித்தாச்சுன்னா பாதி முடிஞ்ச மாதிரி."

காலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு முழுக் கம்பெனியையும் கேட்டேன். அப்புறம்தான் வண்டி கிளம்பியது. டாக்டரம்மா எங்கே வலிக்கிறது என்று கேட்டபோது காதைக் காட்டினேன்.

அவர் பிள்ளை அருளுக்கு இந்த வண்டியைக் கண்டால் ஆகாது. காரணம் உண்டு. மீசை முளைத்த வயசில், "கதையாவது கத்திரிக்காயாவது" என்று நைனா இல்லாத நேரம் வண்டியை எடுத்தான். செருப்பு வார் அறுகிற மட்டும் உதைத்தும் கிளம்பவில்லை. சரிவில் தள்ளிவிட்டு ஏறினான், கிளம்பிவிட்டது. இந்த வண்டிக்கு எல்லாம் தலைகீழ். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பிள்ளை பிரேக் என்று நினைத்து கியரை மிதித்து மிதித்து, ரோட்டில் காயப் போட்டிருந்த வேர்க்கடலைக் குவியலுக்குள் தலைகீழாகப் போனான். வெகுநாள் வரை அவனைக் கண்டால் பொம்பளைகள், "கடல எடுக்க வந்தியாடா?" என்று கேட்டார்கள்.

இப்படியே போய்க்கொண்டிருந்த காலத்தில் இத்தாலிக்குத் தொண்டையில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். டாக்டர் மறுபடி சொல்லும்வரை வாயே திறக்கக்கூடாது என்று அனுப்பி வைத்தார்கள்.

அப்பாடா என்று சாமிக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். மறுநாள் காலையில் என் இட்லி களியாகிவிட்டது. வடை கருகியது. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் உறைத்தது. எனக்கு மணி பார்த்துச் சமைத்துப் பழக்கமில்லை. தாலி விற்கும்போது இட்லிப் பானையை இறக்குவேன். கடைக்குட்டி சாகும்போது வடையைத் திருப்புவேன். குண்டு விழும்போது சட்னி தாளிப்பேன். கம்பெனியைப் பூட்டும்போது காப்பி டிக்காஷன் இறங்கியிருக்கும். இத்தனை வருஷமாக அந்த மனிதர் திட்டு வாங்கிக்கொண்டே என் கடையை நடத்திக் கொடுத்திருக்கிறார்!

வண்டியும் கிளம்பவில்லை. வாயில் வராத கதையை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பார் போல. டேங்கின் மேல் கையை வைத்துச் சற்று நேரம் கண்ணை மூடுவார், உதைப்பார். ஒன்றும் நடக்காது. மனசு நாக்கைவிட வேகமாக ஓடிவிடும் அல்லவா? சோர்ந்து போய் மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிடுவார்.

அந்த நேரம் பார்த்து அருள் சென்னையிலிருந்து வந்தான். கூடவே புதுச்சேரிக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தான். அவர் ஓட்டல் வைத்திருப்பவர். வாசலில் பூந்தொட்டிகளுக்கு நடுவில் இந்த வண்டியை நிறுத்தி வைக்க ஆசையாம்.

"இன்ஜின் ஓடணும்னு இல்லீங்க. அத எடுத்துட்டாக்கூட வெயிட் கம்மியாவும். பார்வைக்குத்தான்" என்றார்.

இத்தாலியின் முகத்தை நான் பார்த்தேன். உடம்பை விட்டுவிட்டுப் பேரை மட்டும் வாங்குகிறவன் நேரிலேயே வந்து நிற்கிறான், திட்டுவதற்கு வாய் இல்லை.

"நைனா," என்றான் அருள், "ஒடம்பு இருக்கற நெலமைக்கு இதுல ஏறி எங்கனா வுழுந்து வெக்கப் போற. திருவிழா வருது. வண்டி மந்திரிப்புல இது தானா கெளம்பி கோயில சுத்தி வந்துச்சுன்னா நீயே வெச்சிக்கோ. நான் வாயத் தொறக்க மாட்டேன். கெளம்பலன்னா சார் ஏத்திக்கினு போயிடுவாரு. சரியா?"

"ஏன்டா, பேச முடியாத மனுஷன்கிட்டயா பேரம் பேசுற?" என்றேன்.

"அத்த, அவரு பேசினப்ப மட்டும் நம்மள பேச வுட்டாரா?"

இத்தாலி டேங்கை ஒரு தடவு தடவினார். சரி என்று தலையை ஆட்டிவிட்டார்.

எங்கள் மாதா கோயில் திருவிழாவில் தேர் முடிந்த மறுநாள் வண்டி மந்திரிப்பு. டிராக்டர், லோடு ஆட்டோ, ஸ்கூட்டி எல்லாம் மாலை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும். சாமியார் தீர்த்தம் தெளிப்பார். ஒவ்வொரு வண்டியும் சொந்தமாகக் கிளம்பிக் கோயிலை ஒரு சுற்று வர வேண்டும். தள்ளிக்கொண்டு சுற்றினால் அந்த வருஷம் முழுக்க வீட்டில் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டேதான் போக வேண்டும் என்பார்கள். தளவானூரிலிருந்தும் மண்டகப்பட்டிலிருந்தும் சனம் வந்திருந்தது. புதுச்சேரிக்காரர் குட்டியானை வண்டியோடும் கயிற்றோடும் தயாராக வந்திருந்தார்.

இத்தாலியின் முறை வந்தது. டேப்பைத் திறந்தார். கையை வைத்தார். உதடு மட்டும் அசைந்தது. உதைத்தார். இல்லை. மறுபடி உதைத்தார். இல்லை. பின்னாலிருந்த டிராக்டர்காரன் ஹாரன் அடித்தான்.

அருள் மெதுவாக வந்து, "போதும் நைனா" என்றான். கயிறு கீழே இறங்கியது.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் டேங்கின் மேல் என் கையை வைத்தேன்.

"கயித்த ஓரமா வெய்யிடா. இத்தாலி நாட்டுல ஒரு மாவு மில்லு!"

சனம் சிரித்தது. "யக்கா, உனக்குமா புடிச்சிக்கிச்சு?" என்றான் டிராக்டர்காரன்.

"வாய மூடுறா. மில்காரனுக்கு மூணு புள்ளைங்க. பெரியவன் சைக்கிள்ல இஞ்சின கட்டுனான். அப்பங்காரன் தொரத்துனான், உன்ன மாதிரி அறிவு கெட்டவன். ஆத்தாக்காரி மோதிரத்த வித்து..."

இத்தாலியின் கை சட்டென்று உயர்ந்தது. முகம் சிவந்துவிட்டது. கழுத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். சொத்தே போகப் போகிற நேரத்தில் அந்த மனிதருக்கு மோதிரம் பொறுக்கவில்லை!

"சரிய்யா, தாலி! தாலிய வித்துப் பட்டற வெச்சா. போதுமா?"

தலையாட்டினார். பந்தயத்தைச் சொன்னேன். கடைக்குட்டி விழுந்த இடம் வந்தபோது, கூட்டத்தில் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. முறத்தில் போல்டு புடைத்ததைச் சொன்னபோது, "அப்டிப் பண்ணியாடி பொழச்சாளுங்க?" என்றாள் ஒருத்தி. இத்தனை வருஷமும் யாரும் கடைசிவரை நின்று கேட்டதில்லை. எல்லாரும் பாதியில் ஓடிப்போனவர்கள். சுவர் ஓட முடியாது, அதனால் நான் மட்டும் கேட்டேன். கம்பெனியைப் பூட்டினேன். புதுச்சேரிக்காரரை நேராகப் பார்த்துக் கடைசி வரியைச் சொன்னேன்.

"ஒடம்ப வுட்டுட்டு பேர மட்டும் வாங்குனானே, அவன் கை வெளங்குமா? உதைண்ணா!"

உதைத்தார். கோயில் புறாவெல்லாம் பறக்கிற மாதிரி ஒரு சத்தம். வண்டி கிளம்பிவிட்டது.

சுற்றி வந்தார். ஒரு சுற்று போதும் என்று சாமியார் கையைக் காட்டியும் இன்னொரு சுற்று வந்தார். அருள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது நைனாவுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

புதுச்சேரிக்காரர் மட்டும் போவதற்கு முன்னால் குனிந்து பார்த்துவிட்டு, "பெட்ரோல் டேப்புல அடைப்புங்க. சொட்டு சொட்டாத்தான் எறங்குது. நீங்க கத முடிக்கறதுக்கும் கார்ப்புரேட்டர் ரொம்பறதுக்கும் சரியா இருக்குது. சுத்தம் பண்ணா ஒரே உதைதான்" என்றார். இத்தாலி இரண்டு கையாலும் டேப்பை மூடிக்கொண்டார்.

பேச்சு திரும்பிய பிறகு அதைப் பற்றிக் கேட்டேன். "அட போ தங்கச்சி, அது எனக்குத் தெரியாதா? மனசுக்குள்ள சொன்னா கத அவ்ளோ சீக்கிரம் முடிஞ்சிடும்னுதான் தெரியல. அடைப்ப எடுத்துட்டா கதைய எவன் நின்னு கேப்பான்?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியை வீசினேன். இத்தனை வருஷம்! வெந்த காலோடு!

குரல் வந்துவிட்டது என்றுதான் பேர். நூல் மாதிரி இழைகிறது. கடைக்குட்டி சாகிற இடத்தில் அறுந்துவிடுகிறது. அங்கே அவர் நிறுத்தினால் நான் இந்தப் பக்கமிருந்து சத்தமாக எடுத்துக் கொடுக்கிறேன். கேட்கிறவர்களிடம், "வடைய திருப்பணுமே, அதுக்குத்தான்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்றும் அப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன். அடுப்பை அப்போது நான் இன்னும் பற்றவைக்கவே இல்லை.